நான் வருத்தம் என்று சொல்லாதது

அன்று பங்குனித் திங்கட்கிழமை. முரசுமோட்டையில் எங்கள் வயலுக்குக் கிட்ட, வாய்க்கால் கரையில் ஒரு சிறிய அம்மன் கோவில் இருக்கிறது. பொங்கல் முடிந்து, அம்மனுக்கு மடை பரவிப் படைத்து, தீபம் காட்டுகிற நேரம். வெயில் நன்றாக ஏறிவிட்டது. உடுக்குச் சத்தம் எழும்பியதும் என் மனைவிக்குக் கலை வந்தது.

கலை வருவது என்றால் அம்மாளாச்சி ஆளில் இறங்குவது. அவளுக்கு அது பல வருடங்களாக வருகிறது. ஊருக்குத் தெரியும். ஆகவே ஒருவரும் பதறவில்லை. பெண்கள் ஒதுங்கி இடம் விட்டார்கள். அங்கே பூசை செய்கிறவர் அவளுடைய சொந்த அண்ணன், என் மச்சான். அவர் வேப்பிலையும் மஞ்சள் தண்ணீரும் எடுத்துக்கொண்டு கிட்ட வந்தார்.

கலை வந்தால் அவள் நிமிர்ந்து நிற்பாள். அன்று முன்னுக்கு வளைந்தாள். இரண்டு கைகளையும் பின்னால் கொண்டுபோய் முதுகைப் பிடிக்கப் பார்த்தாள். பிடிக்க முடியாமல் மண்ணில் விழுந்தாள்.

“பிளக்குது... முதுகைப் பிளக்குது!”

சனம் கையெடுத்துக் கும்பிட்டது.

“என்ன குறை விட்டம் தாயே? சொல்லு தாயே,” என்று ஒரு பெண் அழுதாள்.

“மடை பிந்தினது. நான் அப்பவே சொன்னனான்,” என்றது இன்னொரு குரல்.

மச்சான் முழங்காலில் இருந்துகொண்டு கேட்டார். “எதைப் பிளக்குது தாயே? ஊருக்கு என்ன வரப்போகுது?”

“கிழிஞ்சு கீழை இறங்குது,” என்றாள் அவள்.

வாய்க்கால் உடையப் போகிறது, அதைத்தான் சொல்லுகிறா என்று ஆரோ விளக்கம் கொடுத்தார்கள். இரண்டு பேர் வாய்க்கால் கட்டைப் பார்க்க ஓடியும் போனார்கள்.

நானும் கும்பிட்டுக்கொண்டுதான் நின்றேன். அதை எழுதவே வெட்கமாக இருக்கிறது. கட்டினவன், பக்கத்தில் நின்றவன், கால்மணித்தியாலம் அவள் துடிப்பதைப் பார்த்துக் கும்பிட்டுக்கொண்டு நின்றேன். கலை தானாக இறங்கும், இறங்கியதும் தண்ணீர் கேட்பாள், கொடுக்கலாம் என்று செம்பும் கையில் வைத்திருந்தேன்.

பிறகு அவள் தலையைத் திருப்பினாள். சனத்துக்குள் கண்ணால் தேடினாள். என்னைக் கண்டதும் மெல்லிய குரலில், “இஞ்சாருங்கோ, என்னாலை ஏலாதப்பா,” என்றாள்.

கலை வந்திருக்கும்போது அவளுக்கு என்னைத் தெரியாது. மற்ற ஆம்பிளைகளைப் போல என்னையும் “மகனே” என்றுதான் கூப்பிடுவாள். “இஞ்சாருங்கோ” என்று கூப்பிடுகிறது குசினி அடுப்படியில் இருந்து என்னைக் கூப்பிடுகிற என் மனைவி. அப்போதுதான் என் கையில் இருந்த செம்பு விழுந்தது. அவளைத் தூக்கினேன். மச்சான் மறித்தார். “பொறு மச்சான், இன்னும் மலையேறேல்லை. இடையிலை தூக்கக் கூடாது.” நான் கேட்கவில்லை. ரோட்டுக்குக் கொண்டுவந்து ஓட்டோவில் ஏற்றினோம். அவரும் திருநீற்றுப் பையோடு ஓடிவந்து ஏறினார்.

முதலில் போன ஆஸ்பத்திரியில் இதயத்துக்குப் படம் எடுத்தார்கள். மாரடைப்பு இல்லை என்றார்கள். ஆனால் பிறசர், அதாவது இரத்த அழுத்தம், பார்க்கிறவர் ஒரு கையில் பார்த்தார், மற்றக் கையிலும் பார்த்தார், இரண்டும் ஒத்துவரவில்லை, உள்ளே போய்ப் பெரிய டொக்டரைக் கூட்டிக்கொண்டு வந்தார். உடனே அம்புலன்சில் போட்டுப் பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள்.

அம்புலன்சில் மச்சான் என் காதுக்குள் சொன்னார்: “அங்கை போய்க் கலை கிலை எண்டு வாயைத் திறந்து போடாதை. அவங்கள் விசர், பைத்தியம் எண்டு எழுதி, அந்த வாட்டிலை போட்டு விடுவாங்கள். உது அம்மாளாச்சியின்ரை விசயம். கேஸ் பேப்பரிலை எழுதுற விசயம் இல்லை.”

“ஓம்,” என்றேன்.

பெரியாஸ்பத்திரியில் ஒரு பெண் டொக்டர். எங்களுக்குப் பிள்ளை இருந்திருந்தால் அந்த வயதுதான் இருக்கும். ஸ்கான் எடுத்து முடித்து, வாட்டு வாசலில் என்னை ஒரு கதிரையில் இருத்திவிட்டு அவர் விளங்கப்படுத்தினார். “ஐயா, இருதயத்திலை இருந்து இரத்தம் கொண்டு போற பெரிய குழாய் இருக்குதெல்லே, முதுகுப் பக்கத்தாலை கீழை இறங்குறது, அதின்ரை உள்சுவர் கிழிஞ்சிட்டுது. கிழிஞ்ச இடத்தாலை இரத்தம் சுவருக்குள்ளை பூந்து, சுவரைப் பிரிச்சுக்கொண்டு போகுது.”

எனக்கு அது உடனே விளங்கியது. வயல் வரம்பில் நண்டு வளை தோண்டினால் அப்படித்தான். மேலே பார்த்தால் வரம்பு நல்லாய் இருக்கும். உள்ளுக்குள் தண்ணீர் வழி பிடித்துவிடும். ஒரு கட்டத்தில் முழு வரம்பும் போய்விடும்.

“வெளிச்சுவரும் போனால்?” என்று கேட்டேன்.

“போகாமல் இருக்கத்தான் பிறசரைக் குறைக்க வேணும். இருதயம் ஆறுதலாய் அடிக்கிறதுக்கு மருந்து குடுக்கப் போறம்,” என்றார். வரம்பு உடையப் போனால் நாங்களும் முதலில் வாய்க்கால் கதவைத்தான் பூட்டுவோம்.

பிறகு அவர் எழுதிக்கொண்டே கேட்டார். “முந்திப் பிறசர் இருந்ததோ?”

“கிளினிக்கிலை ஒருக்காப் பாத்துக் கூட எண்டு சொன்னவை. அடுத்த முறை பாக்கச் சரியாய் இருந்தது.”

“இடைக்கிடை திடீரெண்டு நெஞ்சு படபடக்கிறது, வேர்க்கிறது, தலையிடி, முகம் வெளிறுறது, அப்படி ஏதும்?”

மச்சான் சுவரோரம் நின்று என்னைப் பார்த்தார்.

“அப்பிடி ஒரு வருத்தமும் இல்லை டொக்டர்,” என்றேன்.

நான் பொய் சொல்வதாக நினைக்கவில்லை. அதை நான் ஒருநாளும் வருத்தம், நோய் என்று நினைத்தது கிடையாது.

அது தொடங்கியது சண்டை முடிந்து, நாங்கள் அகதி முகாமில் இருந்து ஊருக்குத் திரும்பிய அடுத்த வருடம். அப்போது கோவில் என்று இருந்தது நான்கு தடியும் மேலே ஒரு தகரமும்தான். முதல் நாள் அவளுக்கு உதடு வெளிறியது. பிறகு மேலுதட்டில் வேர்வை பொட்டுப் பொட்டாக அரும்பியது. கழுத்து நரம்பு துள்ளியது. கை இரண்டும் குளிர்ந்து நடுங்கின. பிறகு பேசினாள். வீடு வாசல், பிள்ளை குட்டி எல்லாம் இழந்து வந்த சனம், அவள் காலில் விழுந்து அழுதது. எங்களுக்குப் பிள்ளை இல்லை. சந்தையிலும் கலியாண வீட்டிலும் அவளை ஒதுக்கி வைத்த வாய்கள், அந்த இருபது நிமிடம் அவளை அம்மா, தாயே என்று கூப்பிட்டன. அதற்கு நான் எப்படி வருத்தம் என்று பேர் வைப்பேன்?

கோவிலுக்கு வெளியிலும் வந்தது. வயலில் குனிந்து களை பிடுங்கும்போது வரும். தண்ணீர்க் குடத்தைத் தூக்கும்போது வரும். அப்போது பேச்சு இருக்காது, நடுக்கமும் வேர்வையும்தான். நான் சேற்றுக் கையோடு வரம்பில் நின்று கும்பிடுவேன். “கையைக் கீழை விடுங்கோ, சனம் பாக்குது,” என்று அவளே சொல்வாள். முடிந்த பிறகு தலையிடியால் இரண்டு நாள் படுப்பாள். அம்மாளாச்சியைத் தாங்கின உடம்பு நோகும்தானே என்று நான் கால் பிடித்துவிடுவேன்.

அன்றைக்கு இருதயத்தை ஆறுதலாக்குகிற மருந்தைக் கொடுத்தார்கள். பிறசர் இறங்க வேண்டியது. ஆனால் ஏறியது. டொக்டர் வந்து பார்த்தார், அளவை மாற்றினார், வேறொரு மருந்தைச் சேலைனில் கலந்து ஏற்றினார். கொஞ்சம் இறங்கும், பிறகு திடீரென்று பாயும். “ஏன் இப்பிடி நிக்குது?” என்று அவர் பக்கத்தில் நின்ற தாதி மிஸ்ஸியிடம் சொன்னது எனக்குக் கேட்டது. அந்தக் கேள்விக்குப் பதில் என் வாய்க்குள் இருந்தது. எனக்கு அது தெரியாது.

அடுத்த நாள் மத்தியானம், ஆட்கள் பார்க்க விடுகிற நேரம். நான் கட்டிலடியில் நின்றேன். மச்சான் வெளியே தேத்தண்ணீர் வாங்கப் போயிருந்தார். மிஸ்ஸி விரிப்பு மாற்றுவதற்காக அவளை இடது பக்கம் புரட்டினார். டொக்டர் அடுத்த கட்டிலில் ஒரு கிழவியோடு கதைத்துக்கொண்டிருந்தார்.

அவளுடைய உதடு வெளிறியது.

மேலுதட்டில் வேர்வை அரும்பியது.

என் கைகள் தாமாகவே குவிந்தன. கண்ணை மூடி, “தாயே” என்றேன். அதன் பிறகுதான் கட்டிலின் தலைமாட்டில் இருந்த மெசின் கத்தத் தொடங்கியது. டொக்டர் ஓடிவந்தார். மருந்து ஏற்றினார்கள். அவளை மல்லாக்கக் கிடத்தினார்கள். நம்பர் மெல்ல மெல்ல இறங்கியது. எல்லாம் அடங்கிய பிறகு டொக்டர் என் பக்கம் திரும்பினார். நான் இன்னும் கும்பிட்டபடி நின்றேன்.

“ஐயா, மெசின் அடிக்க முதலே நீங்கள் கும்பிட்டனீங்கள். நான் கண்டனான். உங்களுக்கு எப்பிடித் தெரியும்?”

நான் கட்டிலில் கிடந்தவளைப் பார்த்தேன்.

“இதுக்கு முந்தி இது வந்திருக்கு, என்ன?”

கையைக் கீழே விட்டேன். “டொக்டர், இது வருத்தம் இல்லை. அவவுக்குச் சாமி வாறது,” என்றேன். சொன்னவுடன் அழுகை வந்துவிட்டது. பக்கத்துக் கட்டில் கிழவி, “ஐயோ அப்பன், அழாதை,” என்றார்.

டொக்டர் சிரிக்கவில்லை. விசர் என்று எழுதவுமில்லை. ஒரு கதிரையை இழுத்துப் போட்டு எனக்கு முன்னால் இருந்தார். “சாமி வாறதைப் பற்றி நான் ஒண்டும் சொல்லேல்லை ஐயா. அது உங்கடை நம்பிக்கை. எனக்கு எத்தினை நிமிசம் எண்டு சொல்லுங்கோ. முதல்லை என்ன நடக்கும், பிறகு என்ன நடக்கும், எப்ப எப்ப வரும், எல்லாத்தையும் சொல்லுங்கோ.”

சொன்னேன். அவ்வளவு வருடமும் கும்பிட்டுக்கொண்டு பார்த்தவன் நான். என்னைவிட அதைப் பார்த்தவர் எவரும் இல்லை. குனிந்தால் வரும் என்றேன். வயிறு நிறையச் சாப்பிட்டால் வரும் என்றேன். சீலையை இறுக்கிக் கட்டினால் வரும். முதலில் உதடு, பிறகு வேர்வை, பிறகு கழுத்து நரம்பு. கால்மணியில் இருந்து அரைமணி. அவர் ஒன்றும் விடாமல் எழுதினார். நேற்றே சொல்லியிருக்க வேண்டியது என்று அவர் சொல்லவில்லை. ஆனால் எழும்பியவுடன் மிஸ்ஸியிடம் முதலில் சொன்னது, நேற்றுத் தொடங்கிய மருந்தை நிற்பாட்டச் சொல்லித்தான்.

ஸ்கான் படத்தை மறுபடியும் பார்த்தார்கள். முதல் நாள் எல்லோரும் கிழிந்த குழாயையே பார்த்தார்கள். இப்போது இடது சிறுநீரகத்துக்கு மேலே ஒரு கட்டி இருப்பது தெரிந்தது. ஒரு முழு நாள் சிறுநீரை ஒரு பிளாஸ்டிக் கானில் பிடித்துக் கொழும்புக்கு அனுப்பினார்கள். முடிவு வரப் பத்து நாளுக்கு மேல் ஆனது. ஒரு துளியும் வீணாகக் கூடாது என்று சொன்னபடியால், அந்தக் கானுக்கு நான் கோவில் கும்பத்துக்குக் காவல் இருக்கிற மாதிரிக் காவல் இருந்தேன்.

டொக்டர் சொன்னது இதுதான். எல்லோருக்கும் சிறுநீரகத்துக்கு மேலே ஒரு சின்னச் சுரப்பி இருக்கிறது. பயந்தால், கோபப்பட்டால் அது ஒரு நீரைச் சுரக்கும், நெஞ்சு படபடக்கும். இவளுக்கு அதில் வந்த கட்டி, காரணம் இல்லாமலே அந்த நீரை அள்ளி ஊற்றுகிறது. லட்சத்தில் ஒருவருக்குக் கூட வராது. அந்த வேகம்தான் வருடக்கணக்காகக் குழாயின் சுவரை அடித்து அடித்துக் கிழித்திருக்கிறது. முதல் நாள் கொடுத்த மருந்து மற்ற ஆட்களுக்குச் சரி. இந்தக் கட்டி இருக்கிற ஆட்களுக்கு, வேறொரு மருந்தால் இரத்தக் குழாய்களை விரித்த பிறகுதான் அதைக் கொடுக்கலாம். முந்திக் கொடுத்தால் பிறசர் இன்னும் ஏறும். அதனால்தான் அவர் அன்று படபடப்பு, வேர்வை பற்றிய அந்தக் கேள்வியைக் கேட்டிருக்கிறார்.

மச்சானிடம் நான்தான் சொன்னேன். வாசலில் மரத்துக்குக் கீழே நின்றோம். எல்லாவற்றையும் கேட்டு முடித்தார். பிறகு, “அப்ப நான் இவ்வளவு வருசமும் வருத்தக்காரிக்கே மஞ்சத்தண்ணி ஊத்தினனான்?” என்றார்.

“நான் மட்டும் என்ன செய்தனான் மச்சான்.”

“நீ சொல்லாதை எண்டு சொன்னது நான்.” திருநீற்றுப் பையை மடியில் இருந்து எடுத்தார், பார்த்தார், திரும்பவும் செருகினார். “அவள் போயிருந்தாளெண்டால் நான் எந்த முகத்தோடை தீபம் காட்டுறது?”

கட்டியை வெட்டி எடுக்க வேண்டும், ஆனால் உடனே முடியாது என்றார்கள். முதலில் சில கிழமைகள், வாரக்கணக்கில், குளிசை மாத்திரை. அது குழாய்களை விரிக்கும். அதைக் குடித்தால் மூக்கு அடைக்கும், எழும்பினால் தலை சுற்றும். வழமையாகப் பிறசர்காரருக்கு உப்பைக் குறை என்பார்கள். இவளுக்கு உப்பும் தண்ணீரும் நன்றாகக் கொடு என்றார்கள். அந்தக் கிழமைகளில் எனக்கு நித்திரை என்று ஒன்று இல்லை. அவள் தும்மினால் பயம். சிரித்தால் பயம். செருப்பைத் தேடிக் குனியப் போனால் நான் பாய்ந்து போய் எடுப்பேன். “என்னைச் சாக்கொல்லப் போறது கட்டி இல்லை, உங்கடை இந்த முழிதான்,” என்றாள்.

அப்படி ஒரு காலையில், கஞ்சி குடித்துக்கொண்டிருந்தவள் கோப்பையை வைத்துவிட்டுக் கேட்டாள்.

“அப்ப, அது அம்மாளாச்சி இல்லையோ?”

“எனக்குத் தெரியாது,” என்றேன். உண்மையில் தெரியாது.

“அந்த அக்காவுக்குச் சொன்னனே. இருக்கிறான், வருவான் எண்டு. அது ஆர் சொன்னது? நானோ, கட்டியோ?”

எங்கள் வீட்டில் இருந்து இரண்டு வளவு தள்ளி இருக்கிற அக்கா அவர். கடைசிச் சண்டையில் மகன் காணாமல் போனவர். ஒரு திங்களில் அவளுடைய காலைப் பிடித்துக் கேட்டார். அவள் வருவான் என்றாள். அதற்குப் பிறகு ஒவ்வொரு தீபாவளிக்கும் அந்த அக்கா மகன் உடுக்கவென்று ஒரு சேட் வாங்கி அலுமாரியில் வைக்கிறார்.

“நான் செத்தாப் பரவாயில்லை,” என்றாள் என் மனைவி. “அவவுக்குப் பொய் சொல்லிப்போட்டுச் சாகக் கூடாது.”

எனக்குக் கோபம் வந்தது. ஆர்மேல் என்று தெரியவில்லை. “சாகிற கதை கதைக்காதையும். கஞ்சியைக் குடியும்,” என்றேன்.

சத்திரசிகிச்சைக்குக் கையெழுத்து வைக்கிறபோது டொக்டர் ஒளிக்காமல் சொன்னார். கட்டியில் கை படுகிற நேரம் அது கடைசியாக எல்லாவற்றையும் ஊற்றும். பிறசர் எங்கே போகும் என்று சொல்ல முடியாது. குழாய் ஏற்கெனவே கிழிந்து இருக்கிறது. கட்டி வெளியே வந்த பிறகு பிறசர் ஒரேயடியாக விழவும் பார்க்கும். “நாங்கள் ஆயத்தமாய்த்தான் நிக்கிறம் ஐயா,” என்றார். அவர் காட்டிய இடத்தில் கையெழுத்து வைத்தேன்.

சத்திரசிகிச்சை அன்று காலையில் உள்ளே கொண்டுபோனார்கள். வெளியே நீட்டு வாங்கில் இருந்தோம், நானும் மச்சானும். அவர் முணுமுணுத்துக் கும்பிட்டார். எனக்குக் கும்பிட வாய் வரவில்லை. இத்தனை வருடமும் வா தாயே, இறங்கு தாயே என்று கூப்பிட்ட வாய் இது. இப்போது என்ன சொல்லிக் கூப்பிடுவது? கடைசியில் இப்படித்தான் சொன்னேன்: தாயே, நீ உன் இடத்தில் இரு. உன்னை நான் அங்கே வந்து கும்பிடுகிறேன். அவளை எனக்கு விட்டுவிடு. கடவுளிடம் ஒருவன் இப்படிக் கதைக்கலாமோ என்று தெரியவில்லை. ஆனால் என் வாழ்க்கையில் நான் உண்மையாகக் கும்பிட்டது அன்றைக்குத்தான் என்று நினைக்கிறேன்.

மத்தியானம் தாண்டி டொக்டர் வந்தார். தொப்பியைக் கழற்றினார். முகம் முழுக்கக் களைப்பு. “இரண்டு முறை பாஞ்சது. பிடிச்சிட்டம். கட்டி வெளியிலை வந்திட்டுது,” என்றார். மச்சான் வாங்கில் இருந்து வழுக்கி நிலத்தில் இருந்துவிட்டார். அவரைத்தான் முதலில் தண்ணீர் தெளித்து எழுப்ப வேண்டியிருந்தது.

வீட்டுக்கு வந்து நான்காம் நாள் அந்த அக்கா முருங்கையிலைக் கஞ்சியோடு வந்தார். என் மனைவி அவருடைய கையைப் பிடித்து, “அக்கா, நான் அண்டைக்குச் சொன்னது...” என்று தொடங்கினாள்.

“நீ முதல் இதைக் குடி.”

“இல்லை அக்கா, அது வருத்தமாம். நான் அறியாமல்...”

“எனக்குத் தெரியும். ஊர் முழுக்க அந்தக் கதைதான். வருத்தக்காரியின்ரை வாயாலை அம்மாளாச்சி கதைக்க மாட்டா எண்டு உன்ரை டொக்டர் சொன்னவாவோ?”

“அப்பிடிச் சொல்லேல்லை.”

“அப்ப விடு. ஆறப் போகுது, குடி.”

அவள் குடித்தாள். கண்ணீர் கஞ்சிக்குள் விழுந்தது. அக்கா பார்க்காத மாதிரி, எங்கள் முற்றத்து மாட்டைப் பற்றிக் கதைத்துவிட்டுப் போனார். அவருக்கு அது ஆறுதலா, என் மனைவிக்கு ஆறுதலா, எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அவள் இன்னும் அதைக் கேட்கிறாள். நான் இன்னும் தெரியாது என்றுதான் சொல்கிறேன்.

பிறகு வந்த பங்குனித் திங்களுக்கும் போனோம். உடுக்கு அடித்தது. சனம் அவளைப் பார்த்தது. அவள் பெண்களோடு பெண்ணாக நின்று கும்பிட்டாள், ஒன்றும் நடக்கவில்லை. சிலருக்கு ஏமாற்றம். எனக்கு மூச்சு வந்தது.

கட்டி போய்விட்டது. கிழிசல் போகவில்லை. அது அப்படியேதான் இருக்கும், பெருக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்கிறார் டொக்டர். அதற்காகக் குளிசை குடிக்கிறாள், பாரம் தூக்குவதில்லை, குறித்துத் தருகிற நாளில் போய் ஸ்கான் எடுக்கிறோம். ஒவ்வொரு முறையும் படத்தை வெளிச்சத்தில் பிடித்து அவர் அளக்கிற அந்த நேரம், நான் அவருடைய முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்பேன். போன முறை அளவு ஒரு சொட்டுக் கூடியிருக்கிறது, பயப்பட ஒன்றும் இல்லை என்றார். பயப்பட ஒன்றும் இல்லாவிட்டால் ஏன் சொன்னார் என்று அன்றிலிருந்து யோசிக்கிறேன்.

நாளைக்குத்தான் அடுத்த ஸ்கான். காலை முதல் பஸ்ஸில் போக வேண்டும். கிளினிக் கொப்பியும் பழைய படங்களும் பைக்குள் வைத்துவிட்டேன். மூன்று தரம் எடுத்துப் பார்த்தும்விட்டேன். நான் இதை எழுதிக்கொண்டிருக்க, அவள் வெளிக் கதிரையில் இருந்து கீரை ஆய்கிறாள்.

“என்னப்பா எழுதுறியள்?”

“சும்மா.”

“நாளைக்கு அந்த டொக்டர் பிள்ளைக்கு முன்னாலை இந்த மூஞ்சையோடை வந்து நிக்காதையுங்கோ. அதுவே பயந்திடும்.”

“நான் என்ன செய்ய? எனக்கு இருக்கிற மூஞ்சை இதுதான்.”

அவள் சிரித்தாள். நான் எட்டி, வெளிறியிருக்கிறதோ என்று அவளுடைய உதட்டைப் பார்த்தேன்.